மேல் வரிசை வரை கேட்ட ஒத்திகை

கிரேக்க நாட்டின் நாஃப்பிளியோ துறைமுகத்தில் படகோட்டி ஸ்தமாத்திஸைத் தெரியாதவை மீன்கள் மட்டும்தான். அவைகூட அவன் குரல் கேட்டால் எதிர்ப்பக்கம் நீந்தும் என்பார்கள். கரையிலிருந்து, கடல் நடுவே நிற்கும் பூர்ட்ஸி கோட்டைக்குப் பத்து நிமிடப் பயணம். அதற்குள், அங்கே ஒருகாலத்தில் குடியிருந்த, மரண தண்டனை நிறைவேற்றும் தலைவெட்டிகளின் கதையை முப்பது விதமாகச் சொல்வான். ஒரு தலைவெட்டிக்கு முடிவெட்டியவர் தன் கொள்ளுத்தாத்தா என்பான். குனிந்து கழுத்தைக் காட்ட அந்தத் தலைவெட்டி கடைசிவரை சம்மதிக்கவில்லையாம்.

இப்படி வாய் ஓயாதவனுக்கு ஒரே ஓர் ஆளிடம் மட்டும் பேச்சு வராது. பலமிடி மலைக்கோட்டையின் உச்சி வாசலில் தண்ணீரும் ஆரஞ்சுச் சாறும் விற்கும் கலியோபி. அம்மா காலமான பிறகு தனியாக இருப்பவள். அவளைப் பெண் கேட்டுவிடுவது என்று பதினோரு ஆண்டுகளாக வியாழன்தோறும் ஸ்தமாத்திஸ் மலையேறினான். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது படிகள். பின்பக்கம் தார்ச்சாலை உண்டு. காரில் போய்ப் பெண் கேட்பவன் ஆண்பிள்ளையா என்பது அவன் கட்சி. உச்சியில் மூச்சு வாங்கும். "தண்ணி" என்ற ஒரு சொல்தான் வரும். மூச்சு திரும்புவதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். அவன் குடித்த தண்ணீரில் இன்னொரு விரிகுடாவே உண்டாக்கலாம். நான் குறைத்துத்தான் சொல்கிறேன்.

சென்ற மே மாதம் சங்கதி முற்றியது. திங்கட்கிழமை பத்ராஸ் நகரத்து அக்கா வீட்டோடு போய்விடப் போவதாகக் கலியோபி அறிவித்தாள். "இந்த ஊர்ல எனக்குன்னு யாரு இருக்கா?" என்று அடுத்த வீட்டுக்காரியான என்னிடம் சொன்னாள், தெருவுக்கே கேட்கும்படி.

அவள் புறப்படுவதற்கு முந்தைய நாள், ஞாயிறு காலை, பேய்க்காற்று. படகு விடத் தடை. கவாலா நகரத்திலிருந்து வந்திருந்த ஏழு ஓய்வுபெற்ற ஆசிரியைகள் துறையில் முகம் வாடி நின்றார்கள்.

"கடல் இல்லேன்னா என்ன, எபிதவ்ரோஸ் அரங்கத்தைக் காட்டறேன்" என்று ஸ்தமாத்திஸ் மச்சானின் வேனை வாங்கிவந்தான். இரண்டு இடம் மிச்சம். ஒன்றில் நான் ஏறிக்கொண்டு, மற்றதில் கலியோபியை இழுத்து உட்காரவைத்தேன்.

"போறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கோடி."

வழியெல்லாம் ஆரஞ்சுத் தோட்டம். அவன் வாய் திறக்கவில்லை.

ஆசிரியைகளின் தலைவி ஹரிக்லியா, "என்ன தம்பி, பல்வலியா? ஊரே உன் வாயைப் பத்திப் பேசுதேன்னுதானே வந்தோம்!" என்றாள்.

மலைச்சரிவில் காற்றுக்கு மறைவான அந்தப் பழைய அரங்கின் நடுவில் ஒரு வட்டக்கல். அதன்மேல் நின்று காகிதம் கிழித்தால்கூட ஐம்பத்தைந்தாவது வரிசைக்குக் கேட்கும். அதை ஆயிரம் பேருக்குக் காட்டியவன் ஸ்தமாத்திஸ். எங்களை உச்சி வரிசைக்கு அனுப்பிவிட்டு, காகிதத்தோடு கல்லில் போய் நின்றான். நிமிர்ந்தவன், மேலே தலைத்துணி பறக்க நிற்கும் கலியோபியைப் பார்த்துவிட்டான். அவ்வளவுதான். எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோய், தரையைப் பார்த்து, பெண் கேட்கும் ஒத்திகையை ஆரம்பித்தான்.

"கலியோபி, எனக்குச் சொந்தப் படகு... சே, இப்படி ஆரம்பிச்சா செருப்பால அடிப்பா. கலியோபி, நீ போகாதே. போயிட்டா வியாழக்கிழமைய வச்சுகிட்டு நான் என்ன பண்றது? எனக்குத் தண்ணியே புடிக்காது தெரியுமா? உன்னைத்தான்... ஐயோ கடவுளே, இதை எப்படிச் சொல்லித் தொலைக்கிறது!"

ஒவ்வொரு சொல்லும் காதோரம் வந்து விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சில ஜெர்மானியச் சுற்றுலாப் பயணிகளுக்கு மொழி புரியவில்லை. ஆனாலும் தொப்பியைக் கழற்றினார்கள். ஹரிக்லியா கைக்குட்டையைத் தேடினாள்.

கலியோபி கத்தினாள். "அட மனுஷா! பதினோரு வருஷமா தாகம்னு நெனச்சேன்!"

ஸ்தமாத்திஸ் நிமிர்ந்தான். காலடிக் கல்லைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். ஓடிவிடலாமா என்று வாசலையும் பார்த்தான்.

"கேட்டுதா?" என்றான் மெல்ல.

"ஜெர்மனி வரைக்கும்!" என்றேன் நான்.

"அங்கேயே நில்லு, வரேன்" என்று கலியோபி பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஐம்பத்தைந்து வரிசையும் இறங்கினாள். நேரே போய், தன் கைப்பேசியை அவன் கையில் திணித்தாள்.

"நான் வரலேன்னு அக்காகிட்ட நீயே சொல்லு."

சொன்னான். வாய் திறந்துகொண்டது. அரைமணி நேரம் சொன்னான், அதுவும் அந்தக் கல்லில் நின்றபடியே. கடைசியில் அக்காவின் குரலும் எங்களுக்குக் கேட்டது:

"சரிப்பா, அவளை நீயே வச்சுக்கோ. போனை மட்டும் வை!"