அக்காவின் கம்ப்யூட்டரில் நான் மாட்டிய கார்டு

அக்கா கணவன் வீட்டை விட்டுத் திரும்பி வந்த வருடத்தில்தான் எங்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கல்யாணத்துக்குப் போட்ட வளையல்களில் இரண்டை விற்று வாங்கினாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோவில் வாசலில் நிற்கும்போது, இந்த இரண்டு சேதியையும் சேர்த்தே பேசினார்கள். அக்கா காதில் வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி, ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து தருகிறேன் என்று கேட்டாள். அப்பா இறந்து நாலு வருடம் ஆகியிருந்தது. அம்மா பங்குப் பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தார். இரண்டு வருடத்தில் அம்மாவின் சம்பளத்தைவிட அக்காவின் கீபோர்டுதான் வீட்டை நடத்தியது.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் இரண்டாம் வருடம். விடுமுறை நாட்களில் மதியம் இரண்டு மணியிலிருந்து நாலு வரை கம்ப்யூட்டர் எனக்கு. அந்த நேரத்தில் அக்கா பிழை திருத்தி வந்த தாள்களைப் பார்ப்பாள், இல்லையென்றால் கண்ணை மூடிப் படுத்திருப்பாள். “நாலு அடிச்சா எந்திரிச்சிரணும்” என்பது ஒன்றுதான் அவள் போட்ட விதி.

அந்த வருடம் என் வகுப்பில் எல்லோரும் ஒரே கார் பந்தய விளையாட்டைப் பற்றித்தான் பேசினார்கள். ஒருவன் சிடி கொடுத்தான். வீட்டில் போட்டுப் பார்த்தேன். திரை கறுத்தது, இந்த வீடியோ கார்டில் ஓடாது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது, அவ்வளவுதான். மறுநாள் வகுப்பில் அவர்கள் எந்த வளைவில் எந்தக் கார் சறுக்கும் என்று பேசியபோது, நானும் விளையாடியவன் போலத் தலையாட்டினேன். அப்படி ஒரு மாதம் தலையாட்டியிருப்பேன்.

கோடை விடுமுறையில் நாகல் நகரில் ஒரு பாத்திரக்கடையில் மதியம் வரை பில் போடும் வேலைக்குப் போனேன். கிடைத்ததில் பாதியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மீதியோடு நல்ல வீடியோ கார்டு வாங்கப் பேகம்பூருக்குப் போனேன். அங்கே பழைய கம்ப்யூட்டர் பாகங்கள் விற்கும் ஒரு சின்னக் கடை இருந்தது. கடைக்காரருக்கு நாற்பது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் இருக்கும். வீட்டில் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்து, உள்ளே இருந்த போர்டை நோட்டில் படமாக வரைந்து கொண்டு போயிருந்தேன். அவர் அதைப் பார்த்துச் சிரித்தார்.

“இது ஏஜிபி ஸ்லாட்டு தம்பி. இதுக்குப் புதுக் கார்டு வரத்து கொறஞ்சுபோச்சு. பழசு ஒன்னு கெடக்கு, பிரவுசிங் சென்டர்ல கழட்டுனது. நல்ல கண்டிசன்.” உள்ளங்கை அகலத்தில் சிறிய காற்றாடி வைத்த ஒரு பச்சை அட்டையை எடுத்து வைத்தார். பிறகு, “உங்க எஸ்எம்பிஎஸ் எத்தன வாட்ஸு?” என்று கேட்டார்.

கம்ப்யூட்டருக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளைப் பெட்டி அது. வாங்கிய நாளிலிருந்து மாற்றாத பெட்டி. சொன்னேன்.

“அது தாங்காது. இந்தக் கார்டு நெறய இழுக்கும். ரெண்டையும் சேத்து மாத்துங்க. காசு பத்தலன்னா அடுத்த மாசம் வாங்க, கார்டை எடுத்து வைக்கிறேன்.”

என்னிடம் இருந்தது கார்டுக்கு மட்டும்தான் சரியாக இருந்தது. அடுத்த மாதம் என்றால் கல்லூரி திறந்துவிடும், பாத்திரக்கடை வேலை இருக்காது. “வீட்ல புது சப்ளை ஒன்னு இருக்கு பாய். மாட்டிக்கிறேன்” என்றேன். எப்படி அவ்வளவு எளிதாக அந்தப் பொய் வாயில் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அக்காவும் அம்மாவும் ஒரு சொந்தக்காரர் வீட்டுப் பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழாவுக்குப் போயிருந்த நாளில் கார்டை மாட்டினேன். விளையாட்டு திறந்தது. மழை பெய்து ஓய்ந்த ஒரு சாலை. எதிரே வரும் காரின் விளக்கு ஈரத் தாரில் நீளமாக விழுந்து கூடவே ஓடி வந்தது. ஜன்னலுக்கு வெளியே மே மாத வெயில். நான் கார் ஓட்டாமல் அந்த ரோட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, அக்கா தட்டிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாகத் திரும்ப வந்தது. சேமிக்காத இரண்டு பக்கம் போயிற்று.

“என்னடா இது, தானா ஆஃப் ஆகி தானா வருது?”

“வெயிலுதான்க்கா. சூடாயிருச்சுன்னா அப்படித்தான் ஆகும்.”

அவள் டேபிள் ஃபேனைத் தன் பக்கமிருந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்தாள். புறங்கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்ட ஆரம்பித்தாள். அப்போதே கார்டைக் கழற்றியிருக்கலாம். அன்றைக்கும் மறுநாளும் ரெண்டு மணி எப்போது ஆகும் என்றுதான் காத்திருந்தேன்.

அப்போது அவள் கையில் இருந்தது ஒரு தமிழ்ப் பேராசிரியையின் ஆய்வேடு. அய்யலூர் ஆட்டுச் சந்தையில் வியாபாரிகள் பேசும் பேச்சைப் பற்றியது. முந்நூறு பக்கத்துக்கு மேல். முக்கால்வாசி முடிந்திருந்தது. முதல் இரண்டு இயல்கள் மட்டும் ஃப்ளாப்பியில் இருந்தன. மீதி முழுக்கக் கம்ப்யூட்டருக்குள். ஒப்படைக்க ஒன்பது நாள்தான் இருந்தது என்பதால், அந்த மறுநாள் அக்கா மூன்று மணிக்கே வந்து என் பின்னால் நின்றாள்.

“எந்திரிடா, எனக்கு வேல கெடக்கு.”

“செத்த நேரம்க்கா. இந்த ஒரு ரேஸு.”

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் கழித்து, “எப்படிடா இம்புட்டுத் தெளிவாத் தெரியுது? நெசத் தண்ணி மாதிரி இருக்கு” என்றாள். அவள் குரலில் சிரிப்பு இருந்தது. திரும்பி வந்த பிறகு அவளிடம் அந்தக் குரலை நான் அதிகம் கேட்டதில்லை.

அப்போதுதான் பட்டென்று சத்தம் கேட்டது. திரை அணைந்தது. கம்ப்யூட்டரின் பின்பக்கத்திலிருந்து புகை வந்தது. பிளாஸ்டிக் கருகிய நாற்றம்.

“கரண்டு ஏறி எறங்கிருச்சுக்கா” என்றேன்.

பக்கத்து வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்க அவள் வெளியே ஓடினாள். அந்த இடைவெளியில் ஒயரைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, கார்டை உருவினேன். விரல் சுட்டது. துண்டில் சுற்றி என் கல்லூரிப் பையில் வைத்தேன்.

பக்கத்து வீட்டில் எதுவும் ஆகவில்லை. ஆனால் பேகம்பூரில் ஒரு நல்ல கடை இருப்பதாக அவர்கள் சொல்லியிருந்தார்கள். வேறு கடைக்குப் போகலாம் என்று இரண்டு முறை சொன்னேன். அக்கா ஆட்டோவைக் கூட்டிவந்துவிட்டாள். கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

கடைக்காரர் மூடியைக் கழற்றி உள்ளே குனிந்து பார்த்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“புது சப்ளை இருக்குன்னு சொன்னீங்களே தம்பி. அதே பழசுதானே கெடக்கு? கார்டு எங்க?”

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். அவருக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும், அதன் பிறகு என் பக்கம் திரும்பவில்லை. வெவ்வேறு ஒயரை மாட்டிச் சோதித்துவிட்டு, “சப்ளை வெடிச்சதுல போர்டு போச்சும்மா. ஹார்ட் டிஸ்க்கும் சேந்து போச்சு” என்றார்.

“உள்ள இருக்கிறத எடுக்க முடியாதாண்ணே?”

“சென்னையில எடுக்குறாங்கன்னு சொல்றாங்க. எடுத்துருவாங்கன்னு நான் சொல்ல மாட்டேன். அம்புட்டுச் செலவு பண்ணி ஒன்னும் வரலன்னா சங்கடமாயிரும்.”

ஆட்டோவில் திரும்பினோம். வீடு நெருங்கும்போது அக்கா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“நான் தட்டிக்கிட்டு இருக்கப்ப தானா ஆஃப் ஆச்சே. எதுனாலன்னு அப்பவே ஒனக்குத் தெரியுமா?”

“தெரியும்க்கா.”

அவள் அழுதிருந்தால், அறைந்திருந்தால் எனக்கு ஒரு வழி இருந்திருக்கும். அவள் ஆட்டோக்காரரிடம், “இங்கனயே நிறுத்துங்கண்ணே” என்றாள்.

மறுநாள் காலையில் ஒரு டிடிபி சென்டரில் மணிக்கணக்கில் வாடகைக்கு இடம் பிடித்தாள். கையெழுத்துப் பிரதிக் கட்டை என்னிடம் கொடுத்து, “வாசி” என்றாள். பதினோரு நாள் நான் வாசித்தேன், அவள் தட்டினாள். காலையில் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவோம். பேராசிரியையின் கையெழுத்து நுணுக்கமாக இருக்கும். நான் தடுமாறினால் அவள் கை அந்தரத்தில் நிற்கும். ‘காற்புள்ளி’, ‘பத்தி’, ‘அடிக்குறிப்பு’ இவைதான் எங்களுக்குள் நடந்த பேச்சு. துண்டைக் கையின் மேல் போட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதைப் பற்றி ஒரு பகுதி வந்தது. அதில் ஒரு வியாபாரி மருமகனின் விரலென்று நினைத்து வேறு யாருடைய விரலையோ பிடித்து ஆட்டை விற்றுவிட்ட கதை இருந்தது. வாசிக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் திரையையே பார்த்துக்கொண்டு, “ம், அடுத்து” என்றாள்.

ஆய்வேடு கெடு தாண்டித்தான் போயிற்று. பேராசிரியை கோபப்படவில்லை என்றும், “பரவால்லம்மா, என்ன செய்யிறது” என்று சொன்னதாகவும் அக்கா அம்மாவிடம் சொன்னாள். என்னைப் பற்றி அவரிடம் அவள் சொல்லவில்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, கரண்டுதான் காரணம் என்று அம்மா கடைசிவரை நம்பினார். ஆனால் அந்தக் கல்லூரியிலிருந்து அதற்குப் பிறகு வேலை வரவில்லை. பேராசிரியை வழியாக வந்துகொண்டிருந்த மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். ஆறு மாதம் கழித்து அக்கா ஒரு மருத்துவமனையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இரவு ஷிப்டு உண்டு. வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாள்.

கார்டும் செத்துப்போயிருந்தது. பேகம்பூருக்குக் கொண்டுபோனபோது கடைக்காரர் வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய சாமான் டப்பாவில் போட்டார்.

மறுவருடம் அக்கா ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினாள். வீட்டில் இருக்கும் நாட்களில் மறுபடியும் தட்டச்சு வேலை எடுத்தாள். “ரெண்டுல இருந்து நாலு வரைக்கும் நீ பாத்துக்கோ” என்று அவளே சொன்னாள். உட்கார்ந்து திறந்தபோது கடவுச்சொல் கேட்டது. முந்தைய கம்ப்யூட்டரில் அது இருந்ததில்லை. “எந்திரி” என்று வந்து, எனக்கும் கீபோர்டுக்கும் நடுவில் நின்று கடவுச்சொல்லைத் தட்டிவிட்டுப் போனாள். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாளோ என்னவோ, நான் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் அவளைக் கூப்பிடுவதற்குக் கூச்சமாக இருந்ததால், கொஞ்ச நாளில் அதில் உட்காருவதையே விட்டுவிட்டேன்.

மதுரையில் வேலை கிடைத்து அவள் அங்கே போவதற்கு முந்தின வாரம், அந்தக் கம்ப்யூட்டரை விற்க முடிவு செய்தாள். அதற்குள் எனக்குக் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட வேலையே கிடைத்திருந்தது. “உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சுக் குடுத்துர்றா, ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஆன் செய்தேன். கடவுச்சொல் கேட்டது. அக்கா கையில் இருந்த துணியை மடித்து வைத்துவிட்டு வந்தாள். கீபோர்டைத் தன் பக்கம் திருப்பி, முதுகை எனக்குக் காட்டிக் குனிந்து, நிதானமாகத் தட்டினாள்.

“ம், இப்பப் பாரு” என்று சொல்லிவிட்டு, துணி மடிக்கப் போனாள்.