தொட்டியில் ஏறிய தண்ணீர்

தாலியறுத்தபோது பூமயிலுக்கு வயது இருபத்தாறு. கடலுக்குப் போன புருஷன் திரும்பவில்லை. அன்றிலிருந்து ஊரில் ஒரு நல்ல காரியத்துக்கும் அவளை முன்னால் விட்டதில்லை. உழைக்க மட்டும் கூப்பிட்டார்கள். தொண்டிக்குத் தெற்கே வாவு முகம்மதுவின் கருவாட்டுக் கிட்டங்கியில் மீனைக் கீறி, குடலெடுத்து, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் போடுவது அவள் வேலை. பிள்ளைகள் இரண்டும் அந்தக் கூலியில்தான் சோறு தின்றன.

ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரு தொட்டி மீன் நாறிப்போனது. மேஸ்திரி கூத்தையா பெண்களை எல்லாம் வரிசையாக நிறுத்தினார்.

"முண்டச்சி கை பட்டா உப்பும் புழுக்கும்னு எங்க ஆத்தா சொல்லும். ஏ பூமயிலு, நாளையிலருந்து நீ வராத."

கேப்பையில் நெய் வடியுதென்றால் கேட்பவர்களுக்கு மதி வேண்டாமா? தினமும் பக்கத்தில் உட்கார்ந்து மீன் கீறும் ராமலெட்சுமி, தன் அரிவாள்மனையை ஒரு முழம் தள்ளிப் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி பேச்சைவிட அதுதான் பூமயிலுக்கு நெஞ்சை எரித்தது. அத்தனை வருஷம் அந்தக் கை கீறிய மீன் மட்டும் கொழும்புவரை இனித்ததாக்கும்!

வேறு ஒருத்தியாக இருந்தால் அழுதுகொண்டே வீட்டுக்குப் போயிருப்பாள். பூமயில் நேரே தொட்டிக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். கெட்ட மீனை எல்லாம் அள்ளிவிட்டிருந்தார்கள். தண்ணீர் மட்டும் கிடந்தது. மேஸ்திரி போட்ட சத்தம் கேட்டு வாவு முகம்மது வந்தார்.

"முதலாளி, மூணாவது செங்கல் வரி வரைக்கும் நான்தான் தண்ணி சுமந்து ஊத்துனேன். இப்ப நாலாவது வரியத் தொடுது. யாரும் ஊத்தல, மழையும் இல்ல. தண்ணி எங்கனருந்து வந்துச்சு?"

மீனிலிருந்துதான் வந்தது. உப்பு மீனுக்குள் போகப் போக, மீன் தன் தண்ணீரைத் தொட்டியில் விடும். அதனால்தான் ஒவ்வொரு முறையும் தண்ணீரை மாற்றி, புது உப்புக் கரைத்து, கோழிமுட்டை போட்டுப் பார்ப்பது அந்தக் கரையின் வழக்கம். முட்டை மிதந்து, எட்டணாக் காசு அகலத்துக்கு மேலே தெரிந்தால் உப்பு போதும். கூத்தையாவோ முதல் மீன் ஊறிய தண்ணீரிலேயே இரண்டாம் மீனையும் போடச் சொல்லியிருந்தார்.

"விரல விட்டு நக்கிப் பாத்தேன் முதலாளி, கரிச்சுச்சு" என்றார் கூத்தையா.

கரிக்கத்தான் செய்யும். உப்பு பாதியாகக் குறைந்தாலும் நாக்குக்குக் கரிப்புதான். பூமயில் ஒரு முட்டையை வாங்கி வந்து தொட்டியில் விட்டாள். அது நேரே அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

வாவு முகம்மது மேஸ்திரியைப் பார்த்தார். பிறகு, "சரி புள்ள, நாளைக்கு வேலைக்கு வா" என்றார்.

"இத்தன பேரு முன்னால என் கையச் சொன்னாரு. இவுக முன்னாலயே மாத்திச் சொல்லணும்."

கூத்தையா தொண்டையைச் செருமினார். "தண்ணியிலதான் கோளாறு."

"தண்ணி தானா வந்து தொட்டியில உக்காரல. யாரு மாத்த வேணாம்னதுன்னும் சொல்லுங்க."

முதலாளி மேஸ்திரியைக் காப்பாற்ற வரவில்லை.

"நான்தான்" என்றார் கூத்தையா, தரையைப் பார்த்து.

ராமலெட்சுமி அரிவாள்மனையைப் பழைய இடத்துக்கு இழுத்துப் போட்டு, "வா, உக்காரு" என்றாள். பூமயில் அவளைத் திரும்பியும் பார்க்காமல், தன் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு எதிர்ச் சுவரோரம் போய் உட்கார்ந்தாள்.