செத்தவீட்டுத் தேத்தண்ணி

பள்ளிக்கூடமொன்றின் பழைய சாமான் விற்பனையில்தான் அந்த மெசினைக் கண்டேன். மணிக்கூடு ஒன்று, சின்னக் கேத்தல் ஒன்று, பக்கத்தில் மூக்கு வைத்த பீங்கான் பாத்திரம். படுக்கும்போது கேத்தலில் தண்ணீரும் பீங்கானில் தேயிலையும் போட்டு அலாரம் வைத்தால், விடிய அது தானே கொதிக்கும். ஆவி தள்ள, தண்ணீர் குழாய் வழியாகத் தேயிலையில் விழும். பிறகு மணி அடிக்கும்.

என் கணவருக்குப் பாரிசவாதம் வந்து இடப்பக்கம் விழுந்துவிட்டது. நான் இருட்டோடு, நாங்கள் குடியேறிய வெஸ்ட்லியில் ரயிலேறித் துப்பரவு வேலைக்குப் போவேன். அவர் தேத்தண்ணிக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு குசினிக்குப் போய், ஒருநாள் அடுப்பை அணைக்காமல் விட்டுவிட்டார். வீட்டுக்கு வருகிற தாதி சொல்லிவிட்டாள்: இன்னொரு முறை இப்படி நடந்தால் அவரைத் தனியே விட முடியாது, பராமரிப்பு இல்லம்தான்.

அதற்குப் பயந்துதான் மெசினை வாங்கிக் கட்டிலருகே வைத்தேன். வாங்கிய பிறகு அதற்கும் பயம். பழைய வயர் பற்றி எரிந்தால்? நான் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள், அடியில் எழுதியிருந்த ஆங்கிலம் விளங்கவில்லை. வேலையிடத்திலிருந்து தினமும் தொலைபேசி எடுப்பேன்.

"மணி அடிச்சதோ? குடிச்சிட்டீங்களோ?"

"ஓமப்பா, குடிச்சிட்டன். செத்தவீட்டுத் தேத்தண்ணி. இன்னும் பிரேதத்தைத்தான் காணேல்லை."

பாலில்லாத தேத்தண்ணியை அவர் அப்படித்தான் சொல்வார். ஊரில் செத்தவீட்டுக்குப் போனால் அதுதானே தருவார்கள். அதனால் சின்னப் போத்தலில் பால் வைத்துவிட்டுப் போகத் தொடங்கினேன். ஆறின பால் அவருக்குப் பிடிக்காது. அது எனக்குத் தெரியும்.

அன்றைக்கும் "குடிச்சிட்டன்" என்றுதான் சொன்னார். வழக்கமான செத்தவீட்டுப் பகிடியை மட்டும் சொல்லவில்லை. மத்தியானம் கதவைத் திறந்தபோது தீய்ந்த பால் மணத்தது. கேத்தல் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பாலை ஊற்றியிருக்கிறார். பாலாடை குழாயை அடைக்க, மூடி கழன்று கொதிபால் கட்டிலில் கொட்டியிருந்தது. அவருடைய இடக்கை அதற்குள் கிடந்தது. தோல் பொங்கி உரிந்திருந்தது.

"ஐயோ, கை!"

"என்ன கை?" என்று குனிந்து பார்த்தார். பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"இஞ்சரும், தாதிக்குச் சொல்லாதையும்."

கட்டுப்போட வந்தவளும் அதே தாதிதான். எப்படி மறைப்பது?

இப்போது பராமரிப்பு இல்லத்தில் இருக்கிறார். வேலை முடிந்து பிளாஸ்கில் சுடச்சுடப் பால் தேத்தண்ணி கொண்டுபோவேன்.

"எப்ப வீட்டை கூட்டிக்கொண்டு போவீர்?"

"கை ஆறட்டும்."

கை எப்போதோ ஆறிவிட்டது. புதுத்தோல் ரோசா நிறத்தில் மினுங்குகிறது. உணர்ச்சியில்லாத கை என்றபடியால் அவர் அதைப் பார்ப்பதேயில்லை. நான் போர்வையை இழுத்து மூடிவிடுகிறேன்.