சென்னைக்குப் போக ஒருவன்

தெரணியகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், றப்பர் பால் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவன் அருள்தாஸ். மாதா கோயில் மண்டபத்தில் சாமியார் வாங்கி வைத்த பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துப் பூட்டியே தொழில் பழகினான். பிறகு கொழும்பில் ரிப்கான் என்பவருடைய சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான அதே லயத்தில் வளர்ந்த தனுஷனையும் இரண்டு வருசத்துக்கு முன் அவன்தான் கையைப் பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தான்.

அந்தத் தனுஷன் இப்போது ஹோட்டல் மண்டபத்தில், பெரிய பெரிய கம்பெனிகள் கூடியிருந்த கண்காட்சியில், தங்கள் கம்பெனி ஸ்டோலுக்கு முன்னால் கோட்டுப் போட்டு நின்றான். அருள்தாஸ் பின்னால் வயர்களோடு நின்றான்.

"மாத்தயா, நான் பொறந்தது தோட்டத்து லயத்துல," என்று தனுஷன் சிங்களத்தில் தொடங்குவான். "ஒரே கூரை, பத்து வீடு. ஒவ்வொண்ணுக்கும் தனிக் கதவு, தனி அடுப்பு. எங்க சொப்ட்வெயாரும் அப்படித்தான். ஒரு மெஷினுக்குள்ள பத்து மெஷின். காசு வேணாம். உள்ள எப்படி எழுதியிருக்குன்னு பிரிச்சே பாக்கலாம். பராமரிக்கக் கூப்பிட்டா மட்டும் எங்களுக்குக் குடுங்க."

ஆட்கள் சிரிப்பார்கள், நிற்பார்கள், கேள்வி கேட்பார்கள்.

அருள்தாஸுக்கு வயிறு எரிந்தது. மெஷினை லயத்தோடு ஒப்பிட்ட அந்தக் கதை அருள்தாஸுடையது. தனுஷனுக்கு வேலை பழக்கும்போது அவன் சொன்னது. ஆனால் ஒபிஸில் இத்தனை வருசத்தில் ஒருத்தரிடமும், நான் லயத்துப் பிள்ளை என்று அவன் வாய் திறந்ததில்லை. தெரணியகலைப் பக்கம் என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். இவன் எப்படிக் கூசாமல் சொல்கிறான்? சொல்லியும் எப்படி மதிக்கிறார்கள்? அதுதான் கூடுதலாகக் குத்தியது.

அடுத்த மாதம் சென்னையில் இதேபோல ஒரு கண்காட்சி. ஒரே ஆளைத்தான் அனுப்ப முடியும், இது முடிகிற அன்றைக்குச் சொல்கிறேன் என்று ரிப்கான் சொல்லியிருந்தார். அருள்தாஸ் போன வருசமே பாஸ்போட் எடுத்து வைத்துக் காத்திருந்தான்.

கண்காட்சியின் முதல் நாள் பின்னேரம் புறப்படும்போது, ஸ்டோலில் வைத்திருந்த இரண்டு மெஷின்களில் இரண்டாவதின் முன்பக்கம் மஞ்சள் விளக்கு எரிவதை அவன் கண்டான். உள்ளே ஒரு டிஸ்க் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். ஸ்டோலில் பெரிய வேடிக்கையே, வருகிறவரை முதல் மெஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொல்வதுதான். அதில் ஓடிய வேலை தானாகவே இரண்டாவதில் எழும்பும். டிஸ்க் மாற்றாவிட்டால் எழும்பாமலே போகலாம். அருள்தாஸ் பார்த்தான். பேசாமல் பையை எடுத்துக்கொண்டு போனான். நாளைக்கு வாயாலேயே சமாளிக்கட்டும் என்று நினைத்தான்.

விடிந்ததும் பூசைக்குப் போனான். முழங்காலில் நின்று சென்னையைக் கேட்டான். விளக்கைப் பற்றி ஆண்டவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாதா என்ன?

காலையிலேயே வங்கியிலிருந்து ஒரு பெண் அதிகாரி, ஒரு நோனா, வந்தார். ரிப்கானும் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீங்களே பிடுங்குங்க நோனா," என்றான் தனுஷன்.

நோனா பிடுங்கினார். திரை கறுத்தது. பின்னால் நின்ற அருள்தாஸின் நெஞ்சு அடித்துக்கொண்டது. பயத்தில் அல்ல, ஆசையில்.

"ஒரு வாய் பிளேன்டீ குடிங்க, அதுக்குள்ள எழும்பிரும்."

எழும்பியது. பில் போடுகிற வேலை விட்ட இடத்திலிருந்து ஓடியது. நோனா கை தட்டினார். அருள்தாஸ் முன்னால் வந்து குனிந்து பார்த்தான். பச்சை விளக்கு.

நோனா போனதும் தனுஷன் காதருகே வந்தான். "அண்ணே, நேத்து நீங்க போன பொறகுதான் பாத்தேன், மஞ்ச லைட்டு. காலையில வெள்ளன வந்து டிஸ்க்க மாத்திப்புட்டேன்."

"போன்ல எனக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமேடா."

"நீங்க பூசையில இருப்பீங்கன்னு விட்டுட்டேன். எனக்கும் சேத்துத்தானே கும்பிடுவீங்க."

அருள்தாஸால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. விழுந்த வயரை எடுப்பது போலக் குனிந்துகொண்டான்.

அன்று பின்னேரம் கண்காட்சி முடிய, ரிப்கான் அவனைத் தனியே கூப்பிட்டார். "நீங்கதான் மூத்த ஆள் அருள்தாஸ். நீங்களே சொல்லுங்க. தனுஷன் நல்லாப் பேசுறான். ஆனா அங்க போய் ஏதாவது பழுதாகினா சமாளிப்பானா?"

அதற்கான பதில் ஒரு வாரமாகவே நாக்கு நுனியில் இருந்தது. அவனுக்கு உள்வேலை தெரியாது சேர். அவ்வளவுதான் சொல்ல வேண்டும். நேற்று வரை அதை உண்மை என்றே நம்பியிருந்தான்.

"சமாளிப்பான் சேர்," என்றான். "இன்னைக்குக் காலையில தனியா டிஸ்க் மாத்தியிருக்கான். அவனையே அனுப்புங்க."

"நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு தெரியும்," என்று ரிப்கான் தோளில் தட்டினார். அந்தத் தட்டு அவனுக்கு அடியாகவே விழுந்தது.

செய்தி கேட்டுத் தனுஷன் துள்ளிக்கொண்டு வந்தான். "அண்ணே, எனக்கு பாஸ்போட்டே இல்லையே! இப்ப என்ன செய்யிறது?"

"பத்தரமுல்லை பாஸ்போட் ஒபிஸுக்குப் போ. விடியக்காலமே போய் நில்லு, வரிசை நீளமா இருக்கும். பேர்த் செர்டிபிகேட்ட மறந்துறாத."

"வரிசைல நிக்க நீங்களும் கூட வாங்களேன்."

"அத மட்டும் கேக்காதடா," என்றான் அருள்தாஸ்.

பகிடி என்று நினைத்துத் தனுஷன் சிரித்தான். அருள்தாஸும் சிரித்து வைத்தான். ஆனால் அவன் பகிடிக்குச் சொல்லவில்லை.