எமல்டா கேட்ட ஆட்டோ கணக்கு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பதினொன்றாம் வகுப்பு படிக்கும் என் மகள் சாப்பாட்டு மேசை முழுக்க நோட்டைப் பரப்பிக்கொண்டு எதையோ அழித்து அழித்து வரைந்துகொண்டிருந்தாள். கொத்தமல்லி நறுக்கிக்கொண்டிருந்த என் மூக்கில் ஸ்ட்ராபெரி ரப்பர் வாசனை வந்து ஏறியது. எட்டிப் பார்த்தேன். சாய்தளத்தில் ஒரு மரக்கட்டை, அதன் மேல் நாலு அம்புக்குறி. சிலருக்குப் பாம்பைக் கண்டால் பயம், சிலருக்குப் பல் டாக்டரை. எனக்கு அந்த மரக்கட்டை.

கல்லூரிக்கு வந்த பிறகும் வாசனை ரப்பர் வாங்கிய ஒரே ஆள், என்னோடு இன்ஜினியரிங் படித்த எமல்டாதான். அவ்வளவு அழிப்பாள். கள்ளிக்குப்பத்துப் பெண், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். அவள் அப்பா அம்பத்தூரில் ஷேர் ஆட்டோ ஓட்டினார். பூந்தமல்லிக்கு அப்பால், வயல்களுக்கு நடுவே நின்ற எங்கள் கல்லூரிக்குப் போகும் பஸ்ஸில் நானும் அவளும் ஒரே சீட். டீசல் நாற்றத்துக்கு எனக்குக் குமட்டும்போதெல்லாம் ஜன்னல் ஓரத்தை விட்டுக்கொடுப்பாள்.

முதல் வருடத்தில் மெக்கானிக்ஸ் என்று ஒரு பேப்பர். ஃப்ரீ பாடி டயகிராம் போடத் தெரியாவிட்டால் அதில் ஒரு கணக்கும் ஓடாது. ஒரு பொருளை மட்டும் தனியாகப் பிரித்து வரைந்து, அதை எது எந்தப் பக்கம் தள்ளுகிறது, எது இழுக்கிறது என்று அம்பு போட வேண்டும். நான் பழைய வினாத்தாள்களில் வந்த படங்களையெல்லாம் கோலம் மாதிரி மனப்பாடம் செய்துவிட்டேன். ஏணி வந்தால் இந்தக் கோலம், உருளை வந்தால் அந்தக் கோலம். ஒரு புள்ளி தப்பாது. அர்த்தம் மட்டும் என்னைக் கேட்கக் கூடாது.

எமல்டாவுக்கு அர்த்தம் தெரியாமல் பென்சில் நகராது. ஒரு நாள் வகுப்பில் எழுந்து நின்று கேட்டாள். “சார், எங்கப்பா நின்னுபோன ஆட்டோவத் தள்றாரு. ஆட்டோவும் அவர அதே அளவு திருப்பித் தள்ளுதுன்னு சொல்றீங்க. ரெண்டும் சமம்னா ஆட்டோ எப்டி சார் நகருது?”

சார் அந்த வருடம்தான் படிப்பை முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்திருந்தார். எங்களைவிட நாலைந்து வயது கூட இருந்தால் அதிகம். கொஞ்ச நேரம் பலகையைப் பார்த்தார். பிறகு, பெட்ரோல் போட்டால் நகரும், உட்கார் என்றார். வகுப்பே சிரித்தது. அதிகம் சிரித்தது நான்தான் என்று நினைக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் என் சிரிப்பு எனக்கே பெரிதாகக் கேட்டிருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் இத்தனை வருடம் ஓட்டினேன்.

அந்தப் பேப்பரில் அவள் தோற்றாள். மறுபடி எழுதினாள், மறுபடி தோற்றாள். மற்ற பேப்பர்களை எல்லாம் என்னைவிட நன்றாக எழுதியவள். அரியர் இருந்ததால் கல்லூரிக்கு வந்த கம்பெனிகள் இண்டர்வியூவுக்கே அவளைக் கூப்பிடவில்லை. கடைசி வருடம், பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஒரு தாளில் ஆட்டோவையும் அப்பாவையும் சேர்த்து வரைந்து, நடுவில் எதிரெதிராக இரண்டு அம்பு போட்டிருந்தாள். “இது மட்டும் எனக்குப் புரிய வச்சிடுடி” என்றாள்.

எனக்கு வேலை கிடைத்திருந்த நேரம். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதெல்லாம் ரொம்ப சிம்பிள், இப்போது விளக்கிக்கொண்டிருந்தால் நேரம் போய்விடும், மனப்பாடம் செய்துவிட்டுப் போ என்றேன். தாளை நாலாக மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தடவையும் போயிற்று. வீட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். நாலு வருடம் படித்தவளுக்கு ஒரு பேப்பரால் டிகிரி கைக்கு வரவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, விளையாட்டாகக் கேட்பது போல ஆட்டோ கணக்கை மகளிடம் கேட்டேன். அவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “ரெண்டு அம்பும் ஒரே படத்துல வராதும்மா. ஒண்ணு ஆட்டோ மேல, இன்னொண்ணு ஆள் மேல. தனித்தனியா வரை.” வரைந்தேன். ஆட்டோ தனியாக: அப்பா முன்னால் தள்ளுகிறார், தரையின் உராய்வு பின்னால் இழுக்கிறது, தள்ளுவது பெரிதானால் ஆட்டோ நகரும். அப்பா தனியாக: ஆட்டோ அவரைப் பின்னால் தள்ளுகிறது, அவர் காலைத் தரை முன்னால் தள்ளுகிறது. அவ்வளவுதான். அடுப்பில் சாம்பார் பொங்கி வழிந்ததை மகள்தான் ஓடிப்போய் நிறுத்தினாள்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எமல்டா வேலை செய்கிறாள் என்று எனக்கு ஆறேழு வருடமாகத் தெரியும். மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். கண்ணாடி போட்டிருந்தாள். யாருடைய புத்தகத்தையோ பக்கம் பக்கமாகத் திருப்பி வைத்து நகல் எடுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு, டீ சொன்னாள். குடும்பம், பிள்ளைகள் என்று கொஞ்ச நேரம் பேசிவிட்டு விஷயத்தைச் சொன்னேன். வீணாய்ப்போன தாள் ஒன்றின் பின்பக்கத்தில் இரண்டு படத்தையும் தனித்தனியாக அவளே வரைந்தாள்.

“அவ்ளோதானாடி?”

எனக்கும் நேற்றுவரை தெரியாது என்றேன். அன்றைக்கும் தெரியாது என்றேன்.

“உங்க எல்லாருக்கும் புரிஞ்சிடுச்சி, என் மண்டைலதான் ஏறலன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றாள். குரலில் கோபம் இல்லை. “நீ அன்னிக்கே தெரியாதுன்னு சொல்லியிருந்தா வேற யாரையாச்சும் கேட்டிருப்பேன்டி.”

அதற்குள் இரண்டு பையன்கள் அவசரமாக வந்து நிற்க, எழுந்து போய்விட்டாள்.

இப்போது எங்கள் கல்லூரி இல்லை. ஆள் சேராமல் மூடி, இடித்து, அங்கே அடுக்குமாடி கட்டுகிறார்கள். எமல்டாவின் அப்பா இறந்துவிட்டார். மிச்சமிருந்த ஒரு பேப்பரை எழுதலாம் என்றால் அதற்கான கெடுவும் எப்போதோ முடிந்துவிட்டதாம். அன்றைக்குக் கடையிலிருந்து கிளம்பும்போது அவளிடம், இன்னும் எல்லாவற்றுக்கும் ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாயா என்று கேட்டேன். பழைய எமல்டாவை எங்கேயாவது ஒரு ஓரத்தில் பார்த்துவிட மாட்டோமா என்ற ஆசை.

“யார்ட்ட கேக்கறது?” என்றாள். “எம்பொண்ணு கேப்பா. கேள்வி கேக்காத, டீச்சர் சொன்னத அப்டியே எழுதுன்னு சொல்லிட்டேன். இப்பல்லாம் அவளும் கேக்கறது இல்ல.”