மேரி வேண்டாமென்ற பிளேன்டீ

சென்ற பதிவின் கீழே ஒரு வாசகி கேட்டிருந்தார்: "இலங்கையில் கழிப்பறைக்கு என்ன சொல்கிறார்கள்? அவசரத்துக்கு எப்படிக் கேட்பது?" நல்ல கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்து மூன்று வாரமாகிறது, கை ஓடவில்லை. காரணம், போன ஆகஸ்டில் அங்கே தேயிலை மலைப்பக்கம் ராகலையிலிருந்து ஹட்டன் போன ஒரு நாள்.

முதலில் சொல். பலகைகளில் எல்லாம் 'மலசலகூடம்'. திருச்சிக்காரியான எனக்கு முதல் தடவை படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இவ்வளவு விவரமாகவா எழுதி வைப்பார்கள்! பேச்சில் அப்படி யாரும் சொல்லிக் கேட்கவில்லை. டவுனில் டொய்லட். தோட்டத் தொழிலாளர் வசிக்கும் லயங்களில் கக்கூசு.

ராகலையில் நான் தங்கிய வீட்டுக்காரரின் தங்கை மேரி, கொழுந்து பறிப்பவர். ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரியில் அவர் மகளுக்கு முந்தின நாள்தான் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்திருந்தது. பார்வை நேரம் பன்னிரண்டிலிருந்து ஒன்று. நானும் ஹட்டன் போவதால் சேர்ந்தே கிளம்பினோம். காலை 7.40 பஸ், நுவரெலியாவுக்கு ஒன்றேகால் மணி நேரம்.

பஸ்ஸில் மேரியிடம் கேட்டேன். "மலையில கொழுந்து பறிக்கிறப்ப அதுக்கு என்ன பேரு சொல்லுவீங்க?"

"அங்க பேரே இல்லைங்கக்கா. இருந்தாத்தானே பேரு வைக்க? காலையில தண்ணி குடிக்காம போயிருவோம், அம்புட்டுத்தான்."

இருவரும் சிரித்தோம். பதிவுக்கு அருமையான வரி கிடைத்ததென்று குறித்துக்கொண்டேன். குறித்துக்கொண்டதோடு சரி.

நுவரெலியாவில் நடுக்கும் குளிர். ஹட்டன் பஸ் 9.50க்கு. பால் சேர்க்காத டீயான பிளேன்டீ இரண்டு சொன்னேன். மேரி "வேணாங்கக்கா" என்றார். மறுபடி நீட்டினேன், மறுபடி வேண்டாமென்றார். எனக்குச் சுருக்கென்றது.

"என்ன மேரி, நான் வாங்கிக் குடுத்தா தொண்டையில எறங்காதா?"

பாவி, கேட்டே விட்டேன். முகம் வாடிப்போய் வாங்கிக் குடித்தார். குளிருக்கு இதமாக இருக்குமென்று இன்னொன்றும் வாங்கித் திணித்தேன்.

ஹட்டனுக்கு நாற்பத்தைந்து கிலோமீட்டர், இரண்டு மணி நேரம், வழியெல்லாம் வளைவு. பாதி வழியில் மேரி பையை மடியோடு இறுக்கிக்கொண்டு கண்ணை மூடினார். என்ன செய்கிறது என்று கேட்டால் "ஒன்னுமில்லைங்க." கடைசியில் என் காதருகே, "முடியலைங்கக்கா, எறங்கிருவோம்."

இறங்கிய சின்ன டவுனில் 'மலசலகூடம்' என்று பலகை இருந்தது. கதவில் பூட்டும் இருந்தது. எதிரே மளிகைக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் எங்கள் அவசரத்தைப் பார்த்ததுமே, "உள்ள போங்கம்மா, வீட்ல ஆள் இருக்காங்க" என்று வழிவிட்டார். அவர் நன்றாயிருக்க வேண்டும். ஆனால் பஸ் போய்விட்டது. அடுத்தது ஐம்பது நிமிடம் கழித்து வந்தது. ஹட்டனில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி கேட்டுக்கு ஓடியபோது மணி 1.10.

மேரி காவலாளியிடம் சிங்களத்தில் கெஞ்சினார். சாயங்காலம் ஐந்துக்கு வாருங்கள் என்றார் அவர், தன்மையாகத்தான். ஐந்துவரை நின்றால் ராகலைக்குக் கடைசி பஸ் கிடைக்காது. மேரியின் வீட்டிலோ சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் தனியாக. குழந்தைத் துணிப் பையைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு மாடி ஜன்னல்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பேத்தி எங்கக்கா ஓடிறப் போவுது?" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆக, வாசகிக்குப் பதில்: "டொய்லட் எங்கங்க?" என்று கேளுங்கள், எல்லோருக்கும் புரியும். கட்டணத்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். கூட வரும் பெண் டீ வேண்டாமென்றால் வற்புறுத்தாதீர்கள். பஸ் ஏறுமுன் நீங்களே முந்திக்கொண்டு, "போயிட்டு வந்துரலாமா?" என்று கேட்டுவிடுங்கள்.

அன்று நுவரெலியாவில் எனக்கு ஐம்பத்தைந்து நிமிடம் இருந்தது. சொல்லும் தெரிந்திருந்தது. கேட்கத்தான் தோன்றவில்லை.