பூஜையில் உள்ள புத்தகங்கள் 214

சண்முகவடிவு பார்த்த உத்தியோகம் அந்தத் தோட்டத்தில் இருந்ததே இல்லை. ஒரு பலகையில் எழுதி, ஆபீஸின் பின்னறைக் கதவில் ஆணி அடித்து, அவளே உண்டாக்கிக்கொண்ட உத்தியோகம் அது. தோட்டத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஹட்டனிலிருந்து ஒன்றரை மணி நேர பஸ் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். என் பெயர் சிவசாமி, பக்கத்துத் தோட்டத்து ஆபீஸில் கிளாக்கர். அவளைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை என்று வடிவே சொல்லுவாள். அதனால்தான் எழுதுகிறேன்.

1989இல் ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு, தேத்தண்ணி ஊற்றவும் கடுதாசி கொண்டு போகவும் அந்த ஆபீஸில் சேர்ந்தாள். அங்கே பெரிய கிளாக்கர் தம்பிராசா, யாழ்ப்பாணத்துக்காரர். எந்த மேலதிகாரிக்கும் பயப்படாத அந்த மனிதர் எலிக்குப் பயப்படுவார். பழைய ஏடுகள் கிடந்த பின்னறையிலோ எலிகளின் ராஜ்ஜியம்.

“பிள்ளை, உந்த அறைக்குள்ள எழுபத்தொண்டாம் ஆண்டுப் புத்தகம் ஒண்டு கிடக்கும். ஒருக்கா எடுத்துக்கொண்டு வாரும்” என்பார், கதவுக்கு ஆறடி தள்ளி நின்றுகொண்டு.

இவள் போய் எடுத்து வருவாள். இரண்டு வருஷத்தில், எது எங்கே இருக்கிறது என்று அவளைத் தவிர வேறு எவருக்கும் தெரியாத நிலை வந்துவிட்டது. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள் என்பது என் அபிப்பிராயம். ஒரு சி.ஆர். கொப்பியில் பட்டியலும் போட்டு வைத்திருந்தாள். அதைப் பெயர் வரிசையில் போடவில்லை, தொழிலாளிகளின் வரிசை வீடுகளான லயங்களின்படி போட்டாள். எங்கள் ஆட்களுக்குப் பிறப்புப் பதிவில் ஒரு பெயர், சம்பளக் கணக்கு எழுதுகிற செக்ரோலில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர். இன்ன லயத்தில் இத்தனையாவது காம்பரா, அதாவது அறை, என்பது மட்டும் மூன்று தலைமுறைக்கு மாறாது. “ஆளக் கேக்காதீங்க, காம்பராவக் கேளுங்க” என்பாள். எந்தக் காம்பராவைச் சொன்னாலும் எந்தப் புத்தகம், எந்தப் பக்கம் என்று கொப்பி சொல்லிவிடும்.

1992இல் தோட்டங்களைக் கம்பெனிகள் பொறுப்பெடுத்தன. தோட்டத்தை நிர்வகிக்கப் புதுத் தொரை வருவதற்கு முதல் நாள், தீயணைக்கும் வாளிக்கு அடித்து மிஞ்சிய சிவப்புப் பெயின்டில் ‘பதிவேட்டுக் காப்பாளர்’ என்று மூன்று மொழியிலும் எழுதிக் கதவில் அடித்தாள். சுற்றிப் பார்க்க வந்த தொரை பலகையைப் பார்த்தார். அப்படி ஒரு பதவி காலங்காலமாக இருக்கிறது என்று நினைத்து ஊழியர் பட்டியலில் சேர்த்துவிட்டார். தம்பிராசா அன்று முழுக்கச் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் சுற்றறிக்கை வந்தது. ஏழு வருஷத்துக்கு மேற்பட்ட ஏடுகளை எரித்துவிட்டு அறைகளைக் காலி செய்ய வேண்டும். எங்கள் தோட்டத்துக்கும் அதே கடிதம்தான். நான் சொன்னதைச் செய்கிற ஆள். மூன்று நாள் எரித்தேன். அந்த மாதத்துக் குளிருக்கு இதமாகத்தான் இருந்தது.

வடிவின் தோட்டத்துக்குக் கடிதம் போய்ச் சேர்ந்தது நவராத்திரி வாரத்தில். வழக்கமாக ஆபீஸ் சரஸ்வதி பூஜைக்கு ஒரு பேரேடும் டைப்ரைட்டரும் வைப்பார்கள். அந்த வருஷம் அவள் பின்னறையை மொத்தமாக வழித்துக்கொண்டு வந்து, இருநூற்றுப் பதினான்கு புத்தகங்களையும் பூஜையில் அடுக்கினாள். எல்லாவற்றுக்கும் மஞ்சள், குங்குமம், சந்தனப் பொட்டு. மறுநாள் மறுபூஜை போட்டதும் எல்லாரும் அவரவர் கத்தியையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்கள். இவள் மட்டும் எடுக்கவில்லை. எரிப்பதற்குத் தூக்க வந்த இரண்டு பேரையும் வாசலிலேயே மறித்தாள்.

“இதுல செத்தவங்க பேரெல்லாம் இருக்குங்க. உசுரோட இருக்கிறவங்க ஏட்டுக்குப் பண்ற மறுபூஜை இதுக்குச் செல்லாது. தனியா நாள் பாக்கணும். அது வரைக்கும் தொட்டவங்க கை வெளங்காது.”

வந்தவர்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். தொரை கொழும்பிலிருந்து வந்த சிங்களவர். விஷயத்தைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு கும்பிடு போட்டார். “நாள் எப்ப?” என்று மட்டும் கேட்டார்.

“பாக்குறோம் சேர்.”

ஆபீஸில் இடம் அடைக்கிறதே என்று, ஒரு வெள்ளிக்கிழமை தப்பு முழங்க மாரியம்மன் கோயிலின் சாமான் அறைக்கு ஏடுகள் ஊர்வலமாகப் போயின. சாவியை வாங்கிக்கொண்டவர் காளியாயி. கொழுந்து மலையில் முப்பது வருஷம் நின்றவர், வாயைத் திறந்தால் மலை வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கே ஒதுங்கி நிற்பார். சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, வெள்ளிக்கு வெள்ளி விளக்கேற்றிச் சாம்பிராணி போடத் தொடங்கினார்.

பத்து வருஷத்தில் ஐந்து தொரைகள் மாறினார்கள். ஒருவர் போய் இன்னொருவர் வரும்போது எழுதிக் கொடுக்கிற சாமான் பட்டியலில், லொறி, டிராக்டர், மேசை, நாற்காலிக்குப் பிறகு, ‘பூஜையில் உள்ள புத்தகங்கள் 214’ என்று ஒரு வரி நிரந்தரமாகிவிட்டது. பரீட்சை எழுதப் போகிற பிள்ளைகள் அந்தக் கதவில் நூல் கட்டினார்கள். கலியாணம் ஆக வேண்டியவர்கள் தேங்காய் உடைத்தார்கள். குரங்கு பிடிக்கப் போய்ப் பிள்ளையாராகிவிட்டது. வடிவும் வெள்ளிக்கிழமை தவறாமல் போய், தான் கட்டிய கதையின் முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்தாள். வேறு வழி?

2003இல் வந்தது வினை. மூன்றாம் லயத்து நாகலெட்சுமிக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. அந்த லயத்திலிருந்து முதல் முதலாக ஒரு டீச்சர். பதினாறு நாளில் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் இடம் வேறு ஆளுக்கு. அவள் பிறந்ததை வெளியே யாரும் பதியவில்லை. தோட்டத்து மருத்துவிச்சி எழுதி வைத்த ஏட்டில் ஒரு வரி இருந்தால், அதைக் காட்டித் தாமதமாகப் பதிந்து சான்றிதழ் வாங்கலாம். வடிவு கொப்பியைப் புரட்டினாள். மூன்றாம் லயம், ஏழாம் காம்பரா, 1980, பச்சை அட்டைப் புத்தகம், பக்கம் நாற்பத்தொன்று. எல்லாம் தெரியும், ஏடு மட்டும் சாமியாகிவிட்டது.

கோயிலுக்குப் போய்ச் சாவி கேட்டாள். காளியாயி கதவை மறித்து உட்கார்ந்துவிட்டார். பின்னால் நாலு லயத்துப் பெண்கள்.

“தொட்டா கை வெளங்காதுன்னு நீதானடி சொன்ன?”

“சொன்னேங்க ஆத்தா. ஆனா இந்தப் புள்ளைக்கு வேல போயிருமே.”

“பூஜ முடியாம ஏட்ட எடுத்தா தோட்டமே போயிரும்.”

அவள் பொய் அவளையே திருப்பி அடித்தது. தன் வினை தன்னைச் சுடும், ஓட்டப்பம் வீட்டைச் சுடும். உண்மையைச் சொன்னால் நூல் கட்டியவர்களும் தேங்காய் உடைத்தவர்களும் அவளைச் சும்மா விடுவார்களா? அடுத்த பொய்யை எடுத்துவிட்டாள்.

“அப்ப முறைப்படி முடிச்சிருவோம். ஏடு காக்கிறவங்க ஒம்பது பேரு வரணும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க எடத்து ஏடு ஒண்ணு கொண்டாரணும். அப்பதான் பூஜ எறங்கும்.”

காளியாயி முந்தானை முடிச்சை இறுக்கிக்கொண்டார். “ஒம்பதா? சரி, கூட்டிக்கிட்டு வா.”

ஹட்டனில், காசு கொடுத்துப் போன் பேசுகிற ஸுஹைர் நானாவின் கொமினிகேஷன் கடையிலிருந்து எங்களுக்கெல்லாம் போன் வந்தது. பிறப்பு, வேலைக்காலம் என்று ஏதாவது விவரம் கேட்டு அவளுக்கு எழுதாத ஆபீஸ் அந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. கையெழுத்தில் மட்டும்தான் பழக்கம்.

“அண்ணே, ஞாயித்துக்கெழம வேட்டி கட்டிக்கிட்டு, பழைய ஏடு ஒண்ணு எடுத்துக்கிட்டு வாங்க.”

“எதுக்குப் புள்ள?”

“கேக்காதீங்க. கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டி வரும். இப்பன்னா நான் மட்டுந்தான்.”

எனக்கு ஒரே சங்கடம். நான்தான் எல்லாவற்றையும் எரித்திருந்தேனே. அதை ஒருவரிடமும் சொன்னதில்லை. தேடித் தேடி, மழை அளவு எழுதுகிற புத்தகம் ஒன்று தப்பியிருந்ததைக் கண்டுபிடித்துச் சிவப்புத் துணியில் சுற்றிக்கொண்டு போனேன். அங்கே போனால், பட்டிப்பொல ரயில் ஸ்டேஷனிலிருந்து ஒரு சிங்களவர் பார்சல் புத்தகத்தோடு வந்திருந்தார். ஒரு டிஸ்பென்சரியில் பதிவு எழுதுகிற உம்மு குல்சும், பிரசவ ஏட்டைப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டு முக்காட்டோடு நின்றார். “நான் கும்பிட மாட்டேன், ஏட்ட மட்டும் புடிச்சிக்கிட்டு நிக்கட்டுமா?” என்று கேட்டார். “அது போதும் தாயி” என்றார் காளியாயி.

பூஜை நடந்தது. உம்மு குல்சும் ஏட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, வடிவு சொல்லச் சொல்ல மற்ற எட்டுப் பேரும் ஏடுகளைத் தலையில் வைத்து மூன்று சுற்றுச் சுற்றினோம். பட்டிப்பொலக்காரர் பக்தியில் நாலாவது சுற்றும் போனார். சாவியை எடுக்கும் நேரத்தில் காளியாயி வடிவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். குடையைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நின்றதை இரண்டு பேருமே சட்டை செய்யவில்லை.

“செத்தவங்க ஏட்டுக்குத் தனிப் பூஜன்னு நீ சொன்னது பொய்யின்னு எனக்கு மொத நாளே தெரியும்.”

“பெறகு ஏங்க ஆத்தா…” என்றாள் வடிவு.

“நான் நம்பாட்டி வேற எவ நம்பியிருப்பா? லயம் லயமா போய்ச் சொன்னது நானு. எழுவத்தி நாலு, மாவுப் பஞ்சத்துல, எனக்கு ஒரு ஆம்பளப் புள்ள பொறந்து பதினோரு நாள் இருந்தான். மருத்துவிச்சி எழுதுனத நான் கண்ணால பாத்தேன். அவன் இருந்தாங்கிறதுக்கு வேற எதுவும் இல்ல. படமில்ல, துணியில்ல. புஸ்தகமும் எரிஞ்சா, அவன் பொறக்கவே இல்லன்னு ஆயிரும். அதான் சாவிய வாங்கிக்கிட்டேன். இன்னிக்குத் தொறக்கிறேன். மொதல்ல எம்புள்ளயப் படிச்சுக் காட்டிட்டு அப்புறம் அந்தப் புள்ளயோடதப் பாரு.”

வாழ்க்கையில் முதல் தடவையாக வடிவுக்கு வாயில் ஒரு பொய்யும் வரவில்லை.

உள்ளே போனோம். பத்து வருஷச் சாம்பிராணிப் புகையில் ஒரு பூச்சி இல்லை, ஒரு பூஞ்சணம் இல்லை. எந்தக் கம்பெனியும் இப்படிப் பாதுகாத்திருக்காது. வடிவு கொப்பியைப் பார்த்து 1974ஆம் வருஷத்துப் புத்தகத்தை உருவினாள். இரண்டாம் லயம், பதினோராம் காம்பரா. சத்தமாகப் படித்தாள்: காளியாயி, ஆண் பிள்ளை, ஐந்து இறாத்தல், காலை ஆறு மணி. காளியாயி இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவையும் சொன்னார். உம்மு குல்சும் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பச்சை அட்டைப் புத்தகம் இறங்கியது, நாகலெட்சுமி நாற்பத்தொன்றாம் பக்கத்தில் பத்திரமாகப் பிறந்திருந்தாள். பதின்மூன்றாம் நாள் சான்றிதழ் கையில் இருந்தது.

கோயிலில் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே, மாதம் ஒரு தடவை கூடுவது என்று முடிவாகிவிட்டது. ஸுஹைர் நானா கடை மாடியைக் கொடுத்தார். வடிவு தலைவி. சிவப்புத் துணியின் கம்பீரத்தைப் பார்த்து என்னைச் செயலாளராக்கினார்கள். நானும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டேன். முதல் கூட்டத்தில், ஏட்டிலிருந்து பிரதி கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு துண்டு அச்சடிக்கலாம், அதில் ‘எதற்காக’ என்று ஒரு கட்டம் வேண்டுமா, வேண்டாமா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தோம். படியேறி மூச்சு வாங்க வந்து நின்றார் காளியாயி.

“எம்புள்ளயோட அந்த ஒத்த வரிய எழுதிக் குடுப்பீங்களா?”

வடிவு உடனே எழுத உட்கார்ந்தாள். எதற்காக என்று கேட்டாள். எந்தக் கட்டத்துக்கும் பொருத்தமாக ஒன்றை எழுதத் தெரிந்தவள், இதற்கு மட்டும் கேட்டாள்.

“வச்சுக்கத்தான்” என்றார் காளியாயி.

அப்படியே எழுதினாள். நாங்கள் ஒன்பது பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். காளியாயி பிரதியை வாங்கி மடித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, எங்க அக்காவ ஒங்க தோட்டத்துலதான் கட்டிக் குடுத்தது. அஞ்சாம் லயம். அவளுக்கும் அதே பஞ்சத்துல ரெண்டு தவறிப்போச்சு. அவ இப்ப படுத்த படுக்கையா கெடக்குறா. ஒங்க ஏட்டுலயும் பாத்து ஒரு வரி எழுதிக் குடுக்கிறியா?”

எட்டுப் பேரும் செயலாளரைப் பார்த்தார்கள். என் மழைப் புத்தகத்தைப் பார்த்த அன்றே ஊகித்திருந்த வடிவு, என்னைக் காப்பாற்ற ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். எனக்கு அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

“எரிச்சிட்டேன் ஆத்தா” என்றேன்.

அவர் என்னைத் திட்டவில்லை. தன் பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அக்காவிடம் என்ன சொல்வது என்று வடிவைக் கேட்டார்.